சுவரோரம் தங்கிவிடும் தண்ணீர்

தரை தேய்க்கும் இயந்திரம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரயில் நிலைய நடைமேடையிலும் விமான நிலையக் கூடத்திலும் மெல்ல ஊர்ந்து செல்லும் பெரிய வண்டிதான். அகலமான இடத்தில் அது தன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. ஆனால் ஒரு கட்டடத்தில் அழுக்கு அடைவது நடுக்கூடத்தில் அல்ல. கட்டிலுக்கு அடியில், வாஷ்பேசின் குழாய்க்குப் பின்னால், கழிப்பறைக் கதவின் இடுக்கில், சமையற்கூடத்து மேடைகளின் கால்களுக்கு நடுவில்தான் அது படிந்து இறுகுகிறது. அந்த இடங்களையெல்லாம் இன்றும் பெண்கள் குந்தியமர்ந்தும் முழங்காலிட்டும் கையால்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்துகொண்டு, கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் இத்தகைய இடங்களுக்கான இயந்திரங்களை வடிவமைப்பது என் தொழில். கேரள-தமிழக எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சிறிய மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள், விடுதிகள் ஆகியவற்றுக்காகவே பெரும்பாலும் வேலை செய்கிறோம். பெரிய இயந்திரத்தைச் சுருக்கினால் சிறிய இயந்திரம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்களிடம் பரவலாக இருக்கிறது. அது ஏன் சரியாக அமைவதில்லை என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் அளவெடுக்கச் சென்றபோது, அங்கே துப்புரவுப் பணியில் இருக்கும் மூத்த அக்கா ஒருவரிடம், எந்த இடத்தைத் தேய்ப்பது மிகவும் கடினம் என்று கேட்டேன். "தேய்க்கறது கூடப் பரவாயில்லைங்க தம்பி, தேச்ச தண்ணிய வழிச்செடுக்கறதுதான் பெரும்பாடு" என்றார். எங்கள் வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை. அழுக்கைத் தரையிலிருந்து பெயர்த்தெடுப்பது பாதி வேலை. அது கலந்த தண்ணீரைத் தரையை விட்டு அகற்றாவிட்டால், காய்ந்த பிறகு அதே அழுக்கு மெல்லிய படலமாக இன்னும் பரந்த இடத்தில் படிந்துவிடும். அதோடு ஈரத்தரையில் நோயாளி வழுக்கி விழும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

வழக்கமான இயந்திரத்தின் அமைப்பை ஒரு முறை மனத்தில் வரைந்து பார்க்கலாம். முன்னால் பிரஷ் சுழல்கிறது. அதன்மேல் சுத்தமான தண்ணீர் சொட்டுகிறது. பின்னால் வளைந்த சட்டத்தில் பொருத்தப்பட்ட இரண்டு ரப்பர் பட்டைகள் தரையை ஒட்டி இழுபடுகின்றன. துப்புரவுப் பணியாளர்கள் இதை வைப்பர் என்றே அழைக்கிறார்கள். முன் பட்டையின் அடியில் உள்ள சிறு வெட்டுகள் வழியாகத் தண்ணீர் உள்ளே நுழைகிறது, பின் பட்டை அதைத் தடுத்து நிறுத்துகிறது, இரண்டுக்கும் நடுவிலிருந்து வாக்குவம் மோட்டார் காற்றோடு சேர்த்து அதை உறிஞ்சி அழுக்குநீர்த் தொட்டிக்கு அனுப்புகிறது. இயந்திரம் முன்னோக்கிப் போகும் வரையில் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

இதே இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் சுவர் வரை தள்ளினால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. பிரஷ் சுவரைத் தொட்டவுடன் இயந்திரம் நின்றுவிடுகிறது. பிரஷ்ஷின் முன் விளிம்புக்கும் பின்னால் உள்ள வைப்பருக்கும் இடையே, மிகச் சிறிய இயந்திரத்தில்கூட 350 முதல் 400 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். அந்த இடைப்பட்ட தரை முழுவதும் நனைந்திருக்கிறது, ஆனால் வைப்பர் அங்கே வந்து சேரவே இல்லை. கட்டிலுக்கு அடியில் இயந்திரத்தைத் திருப்பவும் இடமில்லை, பின்னோக்கி இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். இழுக்கும்போது பட்டைகள் எதிர்ப்பக்கமாக மடிந்துகொள்கின்றன, பின்னால் கிடக்கும் ஈரத்தையும் நம் காலை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகின்றன. வெளியே வந்து குனிந்து பார்த்தால் சுவரோரமாக ஒரு முழ அகலத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும், அதன்மேல் நுரை மிதக்கும், மாத்திரை அட்டையின் கிழிசலும் தலைமுடியும் அதில் ஒட்டிக் கிடக்கும். அந்த அக்கா சொன்னது இதைத்தான். இயந்திரம் வந்த பிறகும் அவர் மாப்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனியத்தான் வேண்டியிருந்தது.

ஆகவே சிறிய இயந்திரத்துக்கு முன்புறமும் பின்புறமும் வைப்பர் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தள்ளும்போது பின் வைப்பர் தரையில் படிய வேண்டும், இழுக்கும்போது முன் வைப்பர் படிய வேண்டும். சொல்வதற்கு எளிதான இந்த ஏற்பாட்டில் சிக்கல்கள் பல உண்டு. வாக்குவம் மோட்டார் ஒன்றுதான். தூக்கி நிற்கும் வைப்பரின் வாய் திறந்திருந்தால், காற்று தடையில்லாத அந்த வழியாகவே உள்ளே போகும், தரையில் படிந்திருக்கும் வைப்பரில் உறிஞ்சும் விசை இல்லாமல் போகும். எனவே வைப்பர் மேலே எழும்போதே அதன் காற்றுப்பாதையும் மூடிக்கொள்ளும்படி ஒரு தட்டு அமைக்க வேண்டும். நாங்கள் இதற்கென்று தனி மோட்டாரோ பொத்தானோ வைக்கவில்லை. கைப்பிடியை முன்னால் தள்ளும் விசையும் பின்னால் இழுக்கும் விசையுமே ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும் ராக்கர் தண்டை அசைத்து, ஒரு வைப்பரைத் தூக்கி மற்றொன்றை இறக்குகின்றன. வேலை செய்பவர் தனியாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. இதனால் இயந்திரத்தின் எடை கொஞ்சம் கூடுகிறது, விலையும் கூடுகிறது. இருந்தாலும், கட்டிலுக்கு அடியிலிருந்து காய்ந்த தரையோடு வெளியே வராத இயந்திரத்துக்கு எவ்வளவு விலை குறைத்தாலும் அது அதிகம்தான்.

உறிஞ்சும் சக்தி போதவில்லை என்றால் மோட்டாரைப் பெரிதாக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மோட்டார் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தூக்கும் என்ற எண்ணைத்தான் விற்பனைத் தாள்களில் பெரிதாக அச்சிடுகிறார்கள். உண்மையில் தண்ணீர்த் துளிகளைக் குழாய் வழியாக மேலே சுமந்து செல்வது காற்றின் வேகம். 32 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்குப் பதிலாக 38 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுகிறது. அதே அளவு காற்று ஓடினால் வேகம் அந்த விகிதத்தில் குறைந்து, நீர் குழாயின் பள்ளமான வளைவில் தங்கி, மோட்டாரை நிறுத்தியதும் மீண்டும் தரைக்கே வடிந்துவிடுகிறது. குழாயை மிகவும் ஒடுக்கினாலோ பூவிதழும் முடியும் அடைத்துக்கொள்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைக் கண்டுபிடித்து, குழாயின் நீளத்தையும் வளைவுகளையும் குறைப்பதுதான் சரியான வழி. பெரிய மோட்டார் பேட்டரியைத் தின்னும். அதைவிட முக்கியமாக, இரவு நேரத்தில் வார்டில் தூங்குபவர்களை எழுப்பிவிடும்.

ரப்பரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இயற்கை ரப்பர் பட்டை மென்மையானது, தரை ஓட்டின் (டைல்) இணைப்புப் பள்ளங்களில் நன்றாக இறங்கித் துடைக்கும். ஆனால் எண்ணெய் பட்டால் அது ஊதிப்போய் அலைபோல் நெளிந்துவிடும். நம் பக்கத்துச் சமையற்கூடங்களில் தேங்காய் எண்ணெய் சிந்தாத தரை ஏது? அங்கெல்லாம் பாலியூரித்தேன் பட்டைதான் நிலைக்கும். பட்டையின் நான்கு விளிம்புகளையும் பயன்படுத்த முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு விளிம்பு மழுங்கியதும் கழற்றித் திருப்பியும் தலைகீழாக்கியும் பொருத்திக்கொண்டால் ஒரே பட்டை நான்கு முறை புதிதாக உழைக்கும். அதற்காகவே நாங்கள் ஸ்பேனர் இல்லாமல் விரலால் திறக்கும் பூட்டு வைத்திருக்கிறோம்.

அடுத்தது பிரஷ். வட்டமான பிரஷ்ஷால் செங்கோண மூலையைத் தொட முடியாது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிரஷ்ஷை மூலையில் எவ்வளவு நெருக்கினாலும், மூலையின் முனைக்கும் பிரஷ்ஷின் விளிம்புக்கும் இடையே சுமார் 62 மில்லிமீட்டர் தூரம் எஞ்சும். ஒவ்வொரு மூலையிலும் ஏறத்தாழ 48 சதுர சென்டிமீட்டர் தேய்க்கப்படாமல் கிடக்கும். விட்டத்தைப் பாதியாக்கினால் அந்தப் பரப்பு நாலில் ஒன்றாகக் குறையும். சிறிய பிரஷ்கள் இரண்டை அருகருகே வைத்து எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒற்றைப் பிரஷ் இயந்திரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும். இரட்டைப் பிரஷ்ஷில் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன் செய்துவிடுவதால் கைக்கு வலி இல்லை.

மூலைக்குப் பொருந்தும் வடிவம் வேறு ஒன்றும் இருக்கிறது. ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோவின் பெயரால் வழங்கும் முக்கோணம், ஒரு சதுரத்துக்குள் உருளும்போது அதன் பரப்பில் 98.77 விழுக்காட்டைத் தொட்டுவிடும். பானசோனிக் நிறுவனம் 2015-இல் ஜப்பானில் வெளியிட்ட ரூலோ என்ற ரோபோ வாக்குவம் கிளீனர் இந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அழகான வடிவம்தான். ஆனால் தண்ணீர் பாய்ச்சித் தேய்க்கும் இயந்திரத்தில், சுழலும்போது மையம் தள்ளாடும் ஒன்றைச் சுற்றி நீர் கசியாத உறை அமைப்பது மிகக் கடினம். அதைவிடச் செவ்வகமான தேய்ப்பு அட்டையை, அதாவது பேடை, மிகச் சிறிய வட்டத்தில் வேகமாக அதிரவிடுவது எளிய வழி. அது மூலை வரைக்கும் போகும். ஆனால் பேட் தட்டையானது; வழுக்காத ஓட்டின் பள்ளங்களுக்குள் அதனால் இறங்க முடியாது. நம் ஊரில் குளியலறைகள் எல்லாம் அந்த ஓடுதான்.

இந்தக் காரணங்களால் நான் உருளை பிரஷ்ஷைத் தேர்ந்தெடுக்கிறேன். 300 மில்லிமீட்டர் வட்டப் பிரஷ்ஷின் பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 20 கிலோ எடை அமர்ந்தாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 28 கிராம்தான் கிடைக்கும். அதே நீளமுள்ள உருளை, ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள கோட்டில் மட்டும் தரையைத் தொடுகிறது என்று கொண்டால், 10 கிலோவே சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராமுக்கு மேல் அழுத்தம் தரும். ஆகவே எடை குறைந்த இயந்திரமும் பள்ளத்தில் படிந்த கறையைப் பெயர்க்கும். வட்டப் பிரஷ்ஷின் மையத்தில் வேகம் பூஜ்யம். உருளையில் எல்லா இடத்திலும் ஒரே வேகம். மோட்டாரையும் படுக்கைவாட்டில் வைக்கலாம் என்பதால் இயந்திரத்தின் உயரம் குறைகிறது. கட்டிலின் கீழ்ச்சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே 200 மில்லிமீட்டர்கூட இல்லாத வார்டுகளில் இதுவே முடிவான காரணமாகிவிடுகிறது.

உருளைக்கும் ஒரு குறை உண்டு. அதைச் சுழற்றும் கியர் உறை ஒரு பக்கத்தில் 30 அல்லது 40 மில்லிமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்வதால், அந்தப் பக்கம் சுவரை ஒட்டித் தேய்க்காது. கியரை நடுவில் வைத்தால் நடுவில் தேயாத கோடு விழும். மோட்டாரை உருளைக்குள்ளேயே செலுத்திவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும், ஆனால் வெப்பம் வெளியேற வழியிருக்காது, தண்ணீர் உள்ளே போகாமல் காக்கும் ஆயில் சீலும் மிக நன்றாக இருக்க வேண்டும். இப்போதைக்கு நாங்கள் கியரை இடப்பக்கம் வைத்து, வலப்பக்க விளிம்பில் பிரஷ் இழைகள் உறையைத் தாண்டி வெளியே தெரியும்படி விட்டிருக்கிறோம். சுவரோரம் தேய்க்கும்போது வலப்பக்கத்தைச் சுவருக்குக் காட்டினால் போதும். இழைக்கு எந்தப் பிளாஸ்டிக் என்பதும் கவனிக்க வேண்டியது. சாதாரண நைலான் தண்ணீரில் ஊறினால் விறைப்பை இழந்துவிடும், பாலிபுரோப்பிலீன் நீரை உறிஞ்சாது.

ஆயில் சீல் என்றதும் திருமண மண்டபங்கள் நினைவுக்கு வருகின்றன. முகூர்த்தம் முடிந்த மண்டபத்துத் தரையில் மல்லிகைச் சரத்தின் நூல், வாழைநார், தலைமுடி, அட்சதை எல்லாம் கலந்து கிடக்கும். பெருக்கிவிட்டுத்தான் தேய்ப்பார்கள், ஆனாலும் நாற்காலிக் கால்களின் ஓரத்தில் மிஞ்சுவது மிஞ்சும். பழுதுக்கு வந்த ஓர் இயந்திரத்தின் உருளையைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் முனையில் பூ நூல் விரற்கடை தடிமனுக்கு இறுகச் சுற்றியிருந்தது. அதை பிளேடால் அறுத்து எடுத்தால், அடியில் ஒரே ஓர் இழை சீலின் உதட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே புகுந்து, ரப்பரை மெல்லிய கீற்றாகச் சீவியிருந்தது. அந்தக் கீற்றின் வழியாகத்தான் சோப்புத் தண்ணீர் பேரிங்குக்குப் போயிருக்கிறது. அன்றிலிருந்து சீலுக்கு முன்னால் குறுகலான ஒரு வளையப் பள்ளத்தை அமைத்து, நூல் முதலில் அங்கே சுற்றிக்கொள்ளும்படி செய்கிறோம். உருளையை ஒரு திருகலில் கையால் கழற்றவும் வழி வைத்திருக்கிறோம். எட்டாத இடத்தைத் தேய்க்கும் இயந்திரத்துக்குள் எட்டாத இடம் இருக்கக் கூடாது.

தொட்டிகளை எங்கே வைப்பது என்பது அடுத்த பெரும் கேள்வி. கைப்பிடித் தண்டிலேயே தொட்டியை அமைத்தால் கீழ்ப்பகுதி தாழ்வாக இருக்கும். ஆனால் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டுமென்றால் கைப்பிடியைத் தரையோடு படுக்க வைக்க வேண்டும். அப்போது தொட்டியில் உள்ள அழுக்குநீர் சாய்ந்து, வாக்குவம் மோட்டாரின் வாயை நோக்கி ஓடுகிறது. நிமிர்ந்து நிற்கும்போது, நீர்மட்டம் உயர்ந்தால் மிதந்து அந்த வாயை மூடும் மிதவை அடைப்பான், படுத்த நிலையில் செயலற்றுப்போகும். ஆகவே காற்று வெளியேறும் வாயைத் தொட்டியின் நடுவில், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கும்படி அமைத்து, தொட்டியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் நீர் சேரவிடாமல் தடுக்க வேண்டியிருக்கிறது. பாதித் தொட்டி வீணாகிறதே என்று கேட்பவர்களுக்கு என் பதில், மோட்டார் வீணாகாமல் இருக்கிறது என்பதுதான். சுத்தநீரையும் அழுக்குநீரையும் ஒரே தொட்டிக்குள் மெல்லிய பையால் பிரித்து, ஒன்று வற்ற வற்ற மற்றொன்று அந்த இடத்தை நிரப்பும்படி செய்யும் முறையும் உண்டு. இடம் மிச்சம்தான், ஆனால் பை கிழிந்தால் வெளியே தெரியாது.

தொட்டி வார்ப்பதைப் பொறுத்தவரை, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அச்சைச் சூடாக்கிச் சுழற்றி மாடித் தண்ணீர்த் தொட்டி வார்க்கும் ரோட்டோமோல்டிங் பட்டறைகள் எங்களுக்குப் பெரும் துணை. அச்சுக்கு ஆகும் செலவு, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி அச்சுக்குள் செலுத்தும் ஊசிவார்ப்பில் ஆவதைவிட மிகக் குறைவு. கூர்மையான மூலையும் மெல்லிய சுவரும் அதில் வராது என்பதால், ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கான இயந்திரத்தில் சுவரின் தடிமனே இடத்தைத் தின்றுவிடுகிறது என்ற வருத்தம் மட்டும் உண்டு.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி ஆகியவை மலை மறைப்பதால் மழை குறைவாகப் பெய்யும் மழைமறைவுப் பகுதிகள். இங்கே பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான், அது உப்புப் படியும் கடினநீர். தண்ணீர் சொட்டும் துளைகள் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் விரைவிலேயே வெள்ளையாக அடைத்துக்கொள்கின்றன; துளையைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைத்தால் தாங்குகின்றன.

பேட்டரியில் இப்போது தயக்கத்துக்கு இடமில்லை. 25.6 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 512 வாட்-மணி ஆற்றலைத் தரும். பிரஷ்ஷும் வாக்குவமும் சேர்ந்து 450 வாட் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். அதன் எடை ஏறக்குறைய 5 கிலோ. ஈய அமில பேட்டரி என்றால் அதுவே மூன்று மடங்கு. லிப்ட் இல்லாத மாடிக் கட்டடங்களில் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். கேரளப் பக்கத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் பலர். மிகச் சாதகமான நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எடைக்கு வரம்பு 23 கிலோ என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. படிக்கட்டு சாதகமான நிலை அல்ல. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். வெளிநாட்டு வரைபடத்தில் உள்ள கைப்பிடி உயரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தோள்பட்டைதான் அதன் விலையைக் கொடுக்கும். எனவே இயந்திரத்தை இரண்டாகப் பிரித்துச் சுமக்கவும், கைப்பிடியை இடுப்பளவுக்கு இறக்கவும் வழி வேண்டும்.

துப்புரவில் வேதிப்பொருள், தேய்ப்பு, வெப்பம், நேரம் ஆகிய நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும் என்று ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் வகுத்தார். நோயாளி படுத்திருக்கும் கட்டிலுக்கு அடியில் சுடுநீருக்கும் நீண்ட ஊறலுக்கும் வழியில்லை. உடனே கை நீள்வது சோப்பு ஆயிலுக்குத்தான். ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் நான்கு மூடி ஊற்றினால் நுரை பொங்கி, மிதவையை ஏமாற்றி, மோட்டாருக்குள் போய்விடுகிறது. எனவே தேய்ப்பை வலுவாக்கி வேதிப்பொருளைக் குறைக்க வேண்டும் என்பதையே இந்த நான்கும் எங்களுக்குச் சொல்கின்றன.

இவ்வளவு செய்தும், சுவரோடு ஒட்டித் தரையில் பதித்த கமோடின் பின்புறத்துக்கு எந்த உருளையும் போகாது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் அளவுதான் இடைவெளி. அங்கே கைப்பிரஷ்ஷால்தான் தேய்க்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு, இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு குழாய் இணைப்பு வைத்திருக்கிறோம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாயும், அதன் நுனியில் நான்கு விரல் அகலமுள்ள ரப்பர் வாயும் அதில் மாட்டிக்கொள்ளும். அதை மாட்டியதும் இரண்டு வைப்பர்களின் காற்றுப்பாதையும் மூடிக்கொண்டு, உறிஞ்சும் விசை முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. கைப்பிரஷ்ஷால் தேய்த்த தண்ணீரை அக்கா நின்ற இடத்திலிருந்தே எடுத்துவிடலாம். குழாயை மாட்டிவைக்கும் கொக்கி இப்போது இடப்பக்கத்தில் இருக்கிறது. கதவு இடப்பக்கம் திறக்கும் கழிப்பறைகளில் அது நிலையில் இடிக்கிறது என்று சொன்னார்கள், அடுத்த வார்ப்பில் அதைக் கைப்பிடித் தண்டின் பின்புறத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.